‘முதல்ல மேட்ச் நடக்கட்டும்!’ - சென்னையின் எஃப்சி ரசிகரின் 13 ஆட்டக் கனவு

பீரோவின் மேல்தட்டில் போர்வைகளுக்கு அடியில் கிடந்த நீல ஜெர்சி, 2026 ஜனவரியில் சென்னையின் பல வீடுகளில் வெளியே வந்திருக்கும். அதைத் துவைக்கப் போட்டதும் வீட்டில் கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வியும் ஒன்றுதான்: “நிஜமாவே மேட்ச் நடக்குதா?”

வழக்கமான வருடமாக இருந்தால் ஐ.எஸ்.எல் கால்பந்து செப்டம்பரில் தொடங்கி, பொங்கல் நேரத்தில் பாதி சீசனைத் தாண்டியிருக்கும். எந்த அணி மேலே, எந்த அணி கீழே என்று பட்டியல் தெளிவாகியிருக்கும். டீக்கடையில் கோச்சைத் திட்டி முடித்திருப்பார்கள். இந்த முறை பொங்கல் வந்தபோது ஒரு பந்துகூட உருளவில்லை. ‘2026 பிப்ரவரி 14-ல் லீக் தொடங்கும், 14 கிளப்களும் ஆடும்’ என்று மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா ஜனவரி 6-ம் தேதி அறிவித்த பிறகுதான் ரசிகர்களுக்கு மூச்சே வந்தது.

காதலர் தினத்தன்று தொடங்குகிறதே, வீட்டில் என்ன சொல்வது என்ற கிண்டல் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய யோசனைகள் மறுபக்கம். சென்னையின் எஃப்சி ரசிகரின் மனதில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நம்பிக்கைகளும் கவலைகளும் என்னென்ன?

ஏழு மாதம் என்ன ஆச்சு?

கால்பந்தைப் பின்தொடராதவர்களுக்காக ஒரு சின்ன ஃபிளாஷ்பேக். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும், ஐ.எஸ்.எல் லீக்கை நடத்திவந்த ரிலையன்ஸ் குழுமத்தைச் சேர்ந்த எஃப்.எஸ்.டி.எல் நிறுவனமும் 2010-ல் தொடங்கிய 15 ஆண்டு ஒப்பந்தத்தில் இருந்தன. லீக்கை நடத்தும் உரிமைக்காக அந்த நிறுவனம் ஆண்டுக்கு 50 கோடி ரூபாயைக் கூட்டமைப்புக்குக் கொடுத்தது. அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ல் முடிவதாக இருந்தது.

செப்டம்பரில் தொடங்கும் சீசன், நடுவில் டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்துபோனால் என்னாவது? அடுத்த ஒப்பந்தம் பற்றித் தெளிவில்லாமல் சீசனைத் தொடங்க முடியாது என்று 2025 ஜூலை 11-ல் நிறுவனம் கைவிரித்தது. கூட்டமைப்பின் புதிய சட்டவிதிகள் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால் கூட்டமைப்பாலும் உடனே புது ஒப்பந்தம் போட முடியவில்லை.

பல கிளப்கள் சம்பளத்தையும் பயிற்சியையும் நிறுத்திவைத்தன. அந்தப் பட்டியலில் சென்னையின் எஃப்சியும் இருந்தது. பிறகு நீதிமன்ற மேற்பார்வையில் டெண்டர் விட்டார்கள். நவம்பரில் கெடு முடிந்தபோது ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. டிசம்பர் கடைசியில், மும்பை சிட்டி கிளப்பில் பங்கு வைத்திருந்த சிட்டி ஃபுட்பால் குழுமம் ‘போதும்’ என்று விலகிக்கொண்டது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டியை வைத்திருக்கும் அதே குழுமம்தான். ஜனவரி தொடக்கத்தில் சுனில் சேத்ரி உள்ளிட்ட வீரர்களே வீடியோவில் தோன்றி, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தலையிட்டு இந்தியக் கால்பந்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டார்கள்.

நாட்டுக்காகப் பல வருடம் கோல் அடித்தவர், ‘எங்களை ஆட விடுங்கள்’ என்று கேட்கும் நிலை. ரசிகர்களுக்கு அந்த வீடியோ, தங்கள் அணி தோற்ற எந்த ஆட்டத்தையும்விட அதிகமாக வலித்திருக்கும்.

13 ஆட்டம்தான்... அதுதான் பிரச்னை!

சரி, லீக் வந்துவிட்டது. ஆனால், இது பழைய லீக் இல்லை. 14 அணிகள், மொத்தம் 91 ஆட்டங்கள். அதாவது ஒவ்வோர் அணியும் மற்ற 13 அணிகளோடு ஒரே ஒரு முறை மோதும். கடந்த சீசனில் ஓர் அணிக்கு 24 ஆட்டங்கள் இருந்தன. இப்போது கிட்டத்தட்ட பாதி.

பாதியில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று மற்ற ஊர்க்காரர்கள் கேட்கலாம். சென்னை ரசிகருக்கு இது வயிற்றில் புளியைக் கரைக்கும் கணக்கு. இதுவரை லீக் சுற்று முடிந்ததும், பட்டியலில் மேலே இருக்கும் சில அணிகள் மட்டும் பிளே-ஆஃபில் மோதி, இறுதிப்போட்டியில் ஜெயிப்பவர் சாம்பியன் ஆவார். 91 ஆட்டங்களோடு கணக்கு முடிகிற இந்த முறையில், புள்ளிப் பட்டியலில் முதலில் இருப்பவர்தான் ராஜா.

சென்னையின் எஃப்சியின் சரித்திரத்தைப் புரட்டினால் இதன் விபரீதம் புரியும்.

2014-ம் ஆண்டு முதல் சீசன். பிரேசிலின் எலானோ 8 கோல்கள் அடித்து அதிக கோல் அடித்தவருக்கான விருதை வாங்கினார். லீக் சுற்றில் சென்னைதான் முதலிடம். ஆனால், அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் முதல் ஆட்டத்தில் 0-3 என்று சரிந்தது. சென்னையில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் மூன்று கோல்களையும் திருப்பி அடித்து, கூடுதல் நேரம் வரை இழுத்து, கடைசி நிமிடங்களில் வாங்கிய ஒரு கோலில் கனவு உடைந்தது.

2015-ல் சாம்பியன். லீக் சுற்றில் பிடித்த இடம் மூன்று. 2017-18-ல் மீண்டும் சாம்பியன். லீக் சுற்றில் இரண்டாம் இடம். முதலிடம் பிடித்த பெங்களூருவைவிட 8 புள்ளிகள் பின்னால். 2019-20-ல் இறுதிப்போட்டி வரை போனது. லீக் சுற்றில் நான்காம் இடம்.

முதலிடம் பிடித்த ஒரே வருடம் கோப்பை கிடைக்கவில்லை. கோப்பை கிடைத்த வருடங்களில் முதலிடம் இல்லை! பட்டியலில் எங்கேயோ கிடந்து, கடைசியில் எழுந்துவந்து அடிப்பதுதான் இந்த அணியின் பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு இந்த முறை இடமில்லை. முதல் ஆட்டத்தில் இருந்தே புள்ளி சேர்க்க வேண்டும். மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றால் சீசனில் கால் பங்கு காலி.

வெள்ளத்தில் வந்த கோப்பை

ஆனாலும் ரசிகர் நம்புகிறார். ஏன் நம்புகிறார் என்று கேட்டால், ‘2015-ல என்ன நடந்துச்சு தெரியுமா?’ என்று தொடங்கிவிடுவார்.

அப்போது லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள்தான். இந்த வருடக் கணக்குக்கு ரொம்பப் பக்கம். சீசனின் பிற்பாதியில் சென்னை, பட்டியலின் அடியில் கிடந்தது. இத்தாலியின் உலகக் கோப்பை நாயகன் மார்கோ மட்டராஸிதான் கோச். இனி அவ்வளவுதான் என்று எல்லோரும் மூட்டை கட்டியபோது, கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வரிசையாக வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது அணி.

அப்போதுதான் டிசம்பர் பெருவெள்ளம். வீட்டுக்குள் தண்ணீர், மொட்டை மாடியில் குடும்பம், கையில் சார்ஜ் இல்லாத போன் என்று நகரமே தவித்த நாட்கள். சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியை புனேவுக்கு மாற்றினார்கள். சொந்த ரசிகர்கள் இல்லாத மைதானத்தில் அட்லெட்டிகோ டி கொல்கத்தாவை 3-0 என்று வீழ்த்தியது சென்னை. கொல்கத்தாவில் நடந்த அடுத்த ஆட்டத்தில் 1-2 என்று தோற்றாலும், மொத்த கோல் கணக்கில் இறுதிப்போட்டிக்குப் போனது.

டிசம்பர் 20. கோவாவின் ஃபடோர்டா மைதானம். எதிரே சொந்த மண்ணில் எஃப்சி கோவா. 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னிலை. மைதானம் கொண்டாடத் தொடங்கிவிட்டது. 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பரின் கையில் பட்டே பந்து வலைக்குள் போனது. நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் ‘சேம் சைடு கோல்’. 2-2. கூடுதல் நேரம்தான் என்று எல்லோரும் நினைத்த அடுத்த சில நிமிடங்களில் கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா மூன்றாவது கோலை அடித்தார். அந்த சீசனில் அது அவரது 13-வது கோல்.

சேறு வழித்துக்கொண்டிருந்த ஊருக்கு ஒரு கோப்பை வந்தது. அந்த மாதம் சென்னையில் இருந்தவர்களுக்கு அது வெறும் விளையாட்டுச் செய்தி இல்லை. அதனால்தான் பத்து வருடம் கழித்தும் ரசிகர் அதைச் சொல்லும்போது குரல் மாறுகிறது.

உச்சி... பாதாளம்... மறுபடி உச்சி!

சென்னை ரசிகருக்குக் கிடைத்த பயிற்சி வேறு எந்த ஊர் ரசிகருக்கும் கிடைத்திருக்காது. 2018 மார்ச் 17-ல் பெங்களூருவின் ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் இறுதிப்போட்டி. 9-வது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் அடித்துவிட்டார். பிறகு மெயில்சன் ஆல்வஸ் தலையால் முட்டி இரண்டு கோல், ரஃபேல் அகஸ்டோ ஒரு கோல் என்று 3-2 கணக்கில் கோப்பையைத் தூக்கியது ஜான் கிரிகரியின் அணி.

அடுத்த சீசனில் அதே கோச்சின் அணி 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, 9 புள்ளிகள், கடைசி இடம்! சாம்பியன் பட்டம் வாங்கிய அடுத்த வருடமே பட்டியலின் அடியில்.

அதற்கடுத்த 2019-20 சீசனும் அழுகையோடுதான் தொடங்கியது. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. கிரிகரி விலக, ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் கோய்ல் வந்தார். அணி தலைகீழாக மாறியது. லிதுவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல்கள் அடித்தார். இறுதிப்போட்டி வரை போய், 2020 மார்ச் 14-ல் கொரோனாவால் பூட்டப்பட்ட மைதானத்தில், ஏ.டி.கே அணியிடம் 1-3 என்று தோற்றது. டிக்கெட் வாங்கி கோவாவுக்குப் போகத் தயாராக இருந்த ரசிகர்கள், வீட்டில் டி.வி முன்பு உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள்.

அதன் பிறகு? மூன்று சீசன்கள் வரிசையாக எட்டாம் இடம். 2023-24-ல் மீண்டும் கோய்ல் வந்து ஆறாம் இடத்துக்கு ஏற்றி பிளே-ஆஃப் காட்டினார். 2024-25-ல் 11-ம் இடம். இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்தவர்களுக்கு எந்த சீசன் தொடக்கத்திலும் முழு நம்பிக்கையும் வராது. முழு அவநம்பிக்கையும் வராது.

புது கோச்... பழைய எதிரி!

இந்த முறை நம்பிக்கைக்கு ஒரு முகம் இருக்கிறது. கோவாக்காரரான கிளிஃபோர்ட் மிராண்டா. இந்தியாவுக்காக நடுக்களத்தில் ஆடியவர். இதற்கு முன்பு தமிழகத்தின் முன்னாள் நட்சத்திரம் சபீர் பாஷா, 2022-ல் சில ஆட்டங்களுக்கு இடைக்காலப் பொறுப்பில் இருந்திருக்கிறார். முழுநேரத் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பை இந்தியர் ஒருவரிடம் சென்னை அணி கொடுப்பது இதுதான் முதல் முறை.

மிராண்டாவைச் சென்னை ரசிகர்களுக்கு வேறு விதமாகவும் தெரியும். 2020 அரையிறுதியில் எஃப்சி கோவாவின் இடைக்கால கோச்சாக எதிர் பெஞ்சில் நின்றவர் அவர். சென்னையில் 4-1 என்று வென்று, கோவாவில் 2-4 என்று தோற்று, மொத்தத்தில் 6-5 என்ற கணக்கில் மயிரிழையில் சென்னை தப்பிய அந்த அரையிறுதியை யாரால் மறக்க முடியும்? பிறகு 2023-ல் ஒடிசா அணிக்கு சூப்பர் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். கோழிக்கோட்டில் நடந்த இறுதியில் அவரது அணி வீழ்த்தியது பெங்களூருவை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவருக்கு இங்கே கொஞ்சம் கூடுதல் கைதட்டல் கிடைக்கும்!

இந்திய வீரர்களை நன்றாகத் தெரிந்தவர், குறைந்த அவகாசத்தில் வேலை வாங்கத் தெரிந்தவர் என்பது ரசிகர்களின் கணக்கு. குறுகிய சீசனுக்கு இது முக்கியம். வெளிநாட்டில் இருந்து ஒரு கோச் வந்து, வீரர்களின் பெயரைப் பழகி, வெயிலைப் பழகி முடிப்பதற்குள் 13 ஆட்டமும் முடிந்துவிடும்.

கவலை? அணி பல மாதங்கள் ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை. நடுவில் நடந்த சூப்பர் கோப்பையில் குழுச் சுற்றைத் தாண்ட முடியவில்லை. ஈஸ்ட் பெங்காலிடம் நான்கு கோல் வாங்கியதை நினைத்தால் ரசிகருக்கு இப்போதும் தூக்கம் போகும். லீக் நடக்குமா நடக்காதா என்று தெரியாத மாதங்களில், பல கிளப்களில் இருந்து வெளிநாட்டு வீரர்கள் வேறு நாட்டு லீக்குகளைத் தேடிப் போனார்கள். இந்தக் கடைசி நேரத்தில் நல்ல ஸ்ட்ரைக்கர் கிடைப்பாரா? சென்னையின் நல்ல சீசன்களுக்கெல்லாம் ஒரு கோல் மெஷின் இருந்தது. எலானோ, மெண்டோசா, ஜெஜே, வால்ஸ்கிஸ். அந்த இடத்தில் இப்போது யார் என்பதுதான் மில்லியன் டாலர் கேள்வி.

வியாசர்பாடிப் பையன் எங்கே?

இன்னொரு ஏக்கமும் உண்டு. அணியின் பெயரே ‘சென்னையின்’. சென்னைக்குச் சொந்தமானது என்று பெயரிலேயே சொல்லும் அணியில் சென்னைப் பையன்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு சீசனிலும் ரசிகர்கள் விரல்விட்டு எண்ணுவார்கள்.

வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் போனால் கால்பந்து எப்படி வாழ்கிறது என்று புரியும். வியாசர்பாடிக்கு ‘குட்டி பிரேசில்’ என்றே பெயர். ஷூ இல்லாமல், சந்தில், மண் தரையில் பழகிய கால்கள். அங்கே இருந்து வந்தவர்தான் நடுக்கள வீரர் தனபால் கணேஷ். 2018 மார்ச் 13. நேரு ஸ்டேடியத்தில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். ஜெஜே முதல் கோலை அடித்த சில நிமிடங்களில், தனபால் கணேஷ் தலையால் முட்டி இரண்டாவது கோலைப் போட்டார். 3-0 வெற்றி. நான்கு நாள் கழித்து கோப்பை.

சொந்த ஊர்ப் பையன், சொந்த ஊர் மைதானத்தில், இறுதிப்போட்டிக்குக் கூட்டிப்போகும் கோலை அடிக்கிறான். அதைக் கேலரியில் இருந்து பார்த்த வடசென்னைச் சிறுவனுக்கு அது என்ன கொடுத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு லீக் நின்றுபோனால் முதலில் அடைபடுவது அந்தச் சிறுவனின் பாதைதான்.

நல்ல பையன்கள் வெளியூருக்குப் போவதும் நடக்கிறது. சென்னைக்காரர் நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்ட்டில் கொல்கத்தாவில் நடந்த டியூரண்ட் கோப்பை ஆட்டத்தில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோலை அடித்து, ஈஸ்ட் பெங்காலின் நாலரை வருட டெர்பி ஏக்கத்தைத் தீர்த்தார். அன்று கொல்கத்தாவில் பாதி ஊர் ஒரு தமிழ்ப் பையனைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. 2016-ல் சிறுவனாக வந்து சென்னையிலேயே வளர்ந்து கேப்டனும் ஆன அனிருத் தாபா, 2023-ல் மோகன் பகானுக்குப் போனபோதும் இதே பெருமூச்சுதான்.

கோப்பை மட்டும் காப்பாற்றாது!

ரசிகரின் ஆழமான கவலை தோல்வியைப் பற்றியது இல்லை. கிளப்பே இல்லாமல் போய்விடுமோ என்பதுதான். இது வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது.

கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாக வைத்து ஆடிய சென்னை சிட்டி எஃப்சியை நினைவிருக்கிறதா? 2019 மார்ச் 9-ல் மினெர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஐ-லீக் பட்டத்தை வாங்கியது. பெட்ரோ மான்ஸி அந்த சீசனில் 21 கோல்கள் அடித்தார். கோவையில் கால்பந்துக்கு அப்படி ஒரு கூட்டம் கூடும் என்று யாரும் நினைக்கவில்லை. பட்டம் வாங்கியபின் இரண்டே சீசன்தான். அதற்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. அன்று ஜெர்சி வாங்கிப் போட்ட கோவைச் சிறுவர்கள் இன்று கல்லூரியில் இருப்பார்கள். ஜெர்சி இருக்கிறது. அணி இல்லை.

2022 மார்ச்சில் கேரளாவை பெனால்டியில் வீழ்த்தி ஐ.எஸ்.எல் சாம்பியன் ஆனது ஹைதராபாத் எஃப்சி. பணப் பிரச்னை, கைமாற்றம் என்று போய், 2025-ல் அந்த கிளப் டெல்லிக்கே இடம்பெயர்ந்து பெயரும் மாறிவிட்டது. கோப்பையைக் கொண்டாடிய ஊரில் இன்று அந்த அணி இல்லை.

சென்னையின் எஃப்சிக்கு அபிஷேக் பச்சன், வீட்டா தானி, எம்.எஸ்.தோனி என்று பெரிய பெயர்கள் பின்னால் இருக்கின்றன. ஆனால், லீக்கில் வருமானத்துக்கு வழி இல்லாமல், ஒவ்வொரு வருடமும் கையில் இருந்து போட்டுக்கொண்டே இருக்க எந்த முதலாளியாலும் முடியாது என்று ரசிகருக்கும் தெரியும். இந்த சீசனை ஒரு வழியாக நடத்திவிடுகிறார்கள். அடுத்த சீசன்? நீண்ட கால ஒப்பந்தம், நிலையான ஒளிபரப்பு, நம்பகமான ஸ்பான்சர் இவை மூன்றும் வரும்வரை ஒவ்வொரு ஜூலையிலும் இதே பதற்றம்தான்.

பரீட்சை, ஐ.பி.எல், தேர்தல்... நடுவில் ஃபுட்பால்!

இது போக, குடும்ப லெவல் சிக்கல்கள் தனி. லீக் இந்த முறை கோடைக்குள் நுழைகிறது. மார்ச்சில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு. புத்தகத்தை வைத்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருக்கும்போது அப்பா ஜெர்சியை மாட்டிக்கொண்டு கிளம்ப முடியுமா? அல்லது மகளே மைதானத்துக்கு வருவேன் என்று அடம்பிடித்தால் அம்மாவிடம் யார் பேசுவது?

அடுத்து ஐ.பி.எல். சேப்பாக்கத்தில் மஞ்சள் கடல் பொங்கும்போது பெரியமேட்டில் நீலக் கேலரி நிறையுமா? ‘தோனி இருக்கும் ஊரில் ஃபுட்பாலா’ என்று கேட்பவர்களுக்கு, ‘அவரும் எங்க ஓனர்தான்’ என்று பதில் சொல்லிப் பழகிவிட்டது. ஆனால், ஒரே வாரத்தில் இரண்டு டிக்கெட்டுக்குப் பட்ஜெட் போடுவது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியமா? கூடவே சட்டமன்றத் தேர்தல். மைதானம், போலீஸ் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் போட்டி இருக்கும். மேலே ஏப்ரல் வெயில். வியர்வையில் நனைந்து ஆடும் வீரர்களை நினைத்தும் ரசிகர் கவலைப்படுகிறார்.

ஒவ்வோர் அணியோடும் ஒரே ஆட்டம்தான் என்பதால் இன்னொரு கேள்வி. கேரளா பிளாஸ்டர்ஸுடனும் பெங்களூருவுடனும் மோதும் ஆட்டங்கள் இங்கேயா, அங்கேயா? மஞ்சள் ஜெர்சி போட்ட கேரள ரசிகர்கள் ரயில் ஏறி வந்து சென்ட்ரலில் இறங்குவதும், மைதான வாசல் வரை இரண்டு தரப்பும் பாட்டுப் பாடிக்கொண்டே நடப்பதும் சென்னை கால்பந்தின் திருவிழா நாட்கள். அந்த ஆட்டம் கொச்சிக்குப் போய்விட்டால் இந்த வருடம் அந்தத் திருவிழா இல்லை.

கேலரியில் என்ன இருக்கிறது?

இவ்வளவு கவலையோடு ஏன் போக வேண்டும்? டி.வியில் இங்கிலாந்து லீக், ஸ்பெயின் லீக் எல்லாம் சோபாவில் படுத்தபடி பார்க்கலாமே?

இந்தக் கேள்விக்கு நேரு ஸ்டேடியத்தின் கேலரியில் ஒரு முறை உட்கார்ந்தவர்களுக்கு விடை தெரியும். ‘சூப்பர் மச்சான்ஸ்’, ‘பி ஸ்டாண்ட் ப்ளூஸ்’ என்று ரசிகர் குழுக்கள் டிரம்மோடு நிற்கும் இடம் அது. ஐ.டி கம்பெனிக்காரர் பக்கத்தில் ஆட்டோ ஓட்டுபவர், அவர் பக்கத்தில் தாத்தாவோடு வந்த பேத்தி. கோல் விழுந்தால் யார் யாரைக் கட்டிப்பிடிக்கிறோம் என்று பார்ப்பதில்லை. அணி கடைசி இடத்தில் கிடந்த 2018-19-லும் அந்த டிரம் நிற்கவில்லை. ஆட்டம் முடிந்து சென்ட்ரல் வரை நடந்து, ராத்திரி மின்சார ரயிலில் ஏறி, ‘அந்த பெனால்டியைக் கொடுத்திருக்கணும்’ என்று முன்பின் தெரியாதவரிடம் விவாதித்துக்கொண்டே வீடு திரும்புவது வரைக்கும்தான் ஒரு மேட்ச்.

கடந்த ஏழு மாதங்களில் ரசிகர் இழந்தது இதைத்தான். கோப்பை இல்லாத வருடங்களை அவர் எத்தனையோ பார்த்துவிட்டார். மேட்ச் இல்லாத மாதங்கள்தான் புதுசு. அதனால் இந்த முறை அவரது ஆசைப் பட்டியல் சின்னதாகிவிட்டது. பட்டியலில் மேல் பாதியில் முடிந்தால் போதும். உள்ளூர்ப் பையன் ஒருவனாவது முதல் பதினொன்றில் இறங்கினால் சந்தோஷம். பெங்களூருவை மட்டும் ஜெயித்தே ஆக வேண்டும். அதில் சமரசம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, வீரர்களுக்கும் மைதான ஊழியர்களுக்கும் சம்பளம் ஒழுங்காக வந்து, அடுத்த செப்டம்பரில் ‘சீசன் நடக்குமா’ என்று யாரும் கேட்காத நிலை வர வேண்டும்.

எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாகக் குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்வார். ‘2015-லயும் பதினாலு மேட்ச்தான்...’

நீல ஜெர்சி இப்போது மொட்டை மாடிக் கொடியில் காய்கிறது. அடுத்த வேலை, டிக்கெட் எப்போது விற்பனைக்கு வருகிறது என்று பார்ப்பதுதான்.